தருமபுரி, கிருஷ்ணகிரி அடுத்த 25 வருடம்: முதலில் தண்ணீரைப் பேசுவோமா?

கொல்லைமேடு:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள். எனக்கு ஊர் காரிமங்கலம் பக்கம், வேலை ஓசூரில். 11 வருடமாகச் சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிறேன். போகிற வழியெல்லாம் வருடத்துக்கு வருடம் ஏதாவது ஒன்று எழும்பிக்கொண்டே இருக்கிறது, குடோன், கம்பெனி, மனை பிரித்து நட்ட கல். ஊரில் இறங்கினால் எங்கள் கொல்லையில் மூன்றாவது போர்க் கிணறு, 900 அடி, மோட்டார் போட்டால் முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும், அப்புறம் வெறும் காற்றுதான். அப்பா இப்போது ராகி மட்டும் போடுகிறார், அதுவும் மழையை நம்பி.

நான் கேட்க வந்தது இதுதான். இன்றைக்கு இங்கே பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இன்னும் 25 வருடத்தில் நாற்பது வயது ஆகும். அப்போது அது எங்கே குடியிருக்கும், என்ன தண்ணீர் குடிக்கும், என்ன வேலை செய்யும்? சிப்காட் என்கிற அரசுத் தொழிற்பேட்டை வருகிறது என்றால் அதற்கு ஒரு கூட்டம், விமான நிலையம் என்றால் அதற்கு ஒரு கூட்டம், மாங்காய் விலை விழுந்தால் ஒரு மறியல். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து யாரும் பேசி நான் பார்க்கவில்லை.

1965-இல் சேலத்தில் இருந்து தருமபுரியைப் பிரித்தார்கள், 2004-இல் தருமபுரியில் இருந்து கிருஷ்ணகிரியை. நிர்வாகத்துக்கு அது நல்லதுதான். ஆனால் தென்பெண்ணை இரண்டு மாவட்டத்திலும் ஓடுகிறது, யானை இரண்டிலும் நடக்கிறது, என்னை மாதிரி ஆட்கள் ஒன்றில் குடியிருந்து இன்னொன்றில் சம்பாதிக்கிறோம். அதனால் சேர்த்தே பேசலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் திட்டம் வந்தாலும் இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகுதான் எத்தனை பேருக்கு வேலை என்ற பேச்சு. தென்பெண்ணையில் எண்ணேகொல்புதூரில் இருந்து எங்கள் பக்கத்துத் தும்பலஹள்ளி அணைக்குக் கால்வாய் வரும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இன்னும் எங்கள் பக்கம் தண்ணீர் வந்து சேரவில்லை. இதற்குள் ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள்.

உங்கள் ஊர் நிலைமையை எழுதுங்கள்.

சிப்காட் 1989:

தம்பி, நல்ல கேள்வி, ஆனால் வரிசை தப்பு. நான் 1989-இல் ஐடிஐ முடித்து ஒரு பெட்டியோடு ஓசூர் வந்தவன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் என்ன இருந்தது தெரியுமா, ஒன்றரை ஏக்கர் மானாவாரி, ஏழு பேர். அன்றைக்கும் ஏரி இருந்தது, அன்றைக்கும் அது மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் நிரம்பியது. நீங்கள் எல்லாரும் பழைய காலத்தில் தண்ணீர் வழிந்து ஓடியது போலப் பேசுகிறீர்கள், நான் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவன்.

1970களில் பின்தங்கிய பகுதி என்று சலுகை கொடுத்து சிப்காட் வைத்தார்கள், அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் வந்தது, டைட்டன் வந்தது. அதனால்தான் என் இரண்டு பெண்களும் இன்ஜினியர். ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. தருமபுரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அதனால்தான் இன்றைக்கும் மேஸ்திரி போன் பண்ணினால் குடும்பத்தோடு மூட்டை கட்டுகிறார்கள். தடங்கம், அதகப்பாடி பக்கம் சிப்காட் வேலை நடக்கிறது, அது சீக்கிரம் வரட்டும். வேலை இல்லாத ஊரில் ஏரி நிரம்பி யாருக்கு லாபம்?

கொல்லைமேடு:

ஐயா, கம்பெனி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, நானே கம்பெனிச் சம்பளத்தில்தான் போர் போட்டேன். அந்த மூன்றாவது போருக்கு ஆன செலவில் என் தம்பியைப் படிக்க வைத்திருக்கலாம். அதைத்தான் சொல்ல வருகிறேன். சம்பாதிக்கிற காசை மறுபடியும் தரைக்குள்ளே விட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஊத்தங்கரை:

தண்ணீர் இல்லை தண்ணீர் இல்லை என்று பேசுகிற இடத்தில் எங்கள் ஊர்க் கதையையும் வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்து போய்விட்டது, இனி ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தோம். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. வருடம் முழுக்கப் பெய்கிற மழையே இங்கே 85, 90 சென்டிமீட்டர்தான், அதில் பாதிக்கு மேல் ஒரு நாளில் கொட்டியது. ஏரி உடைப்பெடுத்த மாதிரி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன், கார் எல்லாம் உருண்டு போனதை ஊர் முழுக்க நின்று பார்த்தோம். என் மாமா கடையில் இடுப்பளவு சேறு, சுத்தம் பண்ண 9 நாள் ஆனது.

அதே ஊரில் அடுத்த ஏப்ரலில் லாரித் தண்ணீர் வாங்கினோம். நான்கு மாதம்தான் இடைவெளி! அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போனது? பாம்பாற்றில் விழுந்து, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் நிரம்பி, விழுப்புரம், கடலூரை மூழ்கடித்துக் கடலுக்குப் போனது. ஏரியும் ஓடையும் முன்பு இருந்த அளவில் இருந்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை, அது பொய்யாகிவிடும், 50 சென்டிமீட்டரை எந்த ஏரியும் தாங்காது. ஆனால் ஓரளவு நின்றிருக்கும். எங்கள் பக்கம் ஓடை இருந்த இடத்தில் வீடு இருக்கிறது, பட்டா இருக்கிறது, கரண்ட் இணைப்பும் இருக்கிறது.

பாலக்கோடு தக்காளி:

ஊத்தங்கரை அண்ணா சொன்னது சரி. எங்களுக்கு மழையில் நடந்ததுதான் விலையிலும் நடக்கிறது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, அடுத்த சில மாதத்தில் கூடையைக் கூலி கொடுத்துத் தூக்கக் கட்டாது என்று ரோட்டோரம் கொட்டினோம். பாலக்கோடு, ராயக்கோட்டை இரண்டு மண்டியிலும் இதே கதைதான். 25 வருடத் திட்டம் என்றால் என்னைக் கேட்டால் குளிர்பதனக் கிடங்கும், தக்காளிக் கூழ் ஆலையும்தான். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் முழுசாக ஓடுகின்றன, மீதி நாளில் அந்த மெஷினில் நம் தக்காளியை ஓட்ட என்ன தடை என்று யாராவது பெரியவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:

தக்காளித் தம்பி, மாங்கூழ் ஆலையைப் பற்றிப் பேசினாய், நானும் சொல்கிறேன். எங்களுக்கு 6 ஏக்கர், நாலு ஏக்கர் பெங்களூரா மாங்காய், மீதி செந்தூராவும் பீத்தரும். என் அப்பா வைத்த மரம். பெங்களூரா ஏன் வைத்தோம் என்றால் ஆலைக்காரன் வாங்குவான், தண்ணீர் குறைவாகக் கேட்கும், கை பட்டாலும் சீக்கிரம் அழுகாது. கிருஷ்ணகிரி முழுக்க எல்லாரும் அதையே நினைத்து அதையே வைத்தோம். 2025-இல் என்ன ஆனது? கிலோ 5 ரூபாய்க்கும் கீழே போனது. ஆந்திராவில் சித்தூர் பக்கம் வெளி மாநிலப் பெங்களூராவை உள்ளே விடமாட்டோம் என்று தடை போட்டார்கள், அங்கே விவசாயிக்கு அரசு கிலோவுக்கு 4 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது, இங்கே காய் மரத்திலேயே பழுத்து உதிர்ந்தது. பறிக்கிற கூலி கிடைக்காது என்று நான் தோப்புக்குள் போகவே இல்லை. வாசனை மட்டும் வீடு வரைக்கும் வந்தது, அதை எப்படிச் சொல்வது, பிள்ளை மாதிரி வளர்த்த மரம்.

இந்த வருடமும் பூ நன்றாக விட்டிருக்கிறது. பூவைப் பார்த்துச் சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது. ஒரே காய், ஒரே வியாபாரி என்று இருக்கிற ஊருக்கு எதிர்காலம் இல்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் 30 வருட மரத்தை வெட்டிவிட்டு வேறு வைத்தால் காய்க்க 5, 6 வருடம், அதுவரை வீட்டில் என்ன சாப்பிடுவது? இதற்கு ஒரு உதவித்தொகை இருந்தால் நான் நாளைக்கே இரண்டு ஏக்கரை மாற்றுகிறேன். பக்கத்திலேயே ஓலா ஆலை, 500 ஏக்கர். அங்கே எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் தோப்பு வைத்திருக்கிறவன் மனையாக விற்கலாமா என்று யோசிக்கிற காலமும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது.

தளி:

மாந்தோப்பு அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்களுக்கு ராகி. இப்போது அரசே நேரடியாகக் கொள்முதல் செய்கிறது, 2025-26க்குக் குவிண்டால் 4,886 ரூபாய், அதாவது கிலோ 48 ரூபாய் 86 காசு. 2023-இல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். இது நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன், மழையை மட்டும் குடித்து வளர்கிற பயிருக்கு விலையும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது.

ஆனால் கதிர் பால் பிடிக்கும்போது ஜவளகிரி காட்டு வழியாகப் பன்னேர்கட்டாவில் இருந்து யானை இறங்கும். அக்டோபரில் தொடங்கினால் தை மாதம் வரைக்கும் ராத்தூக்கம் கிடையாது. ஒரு ராத்திரியில் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். நஷ்டஈடு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதே நேரம் யானை மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, அது போன வழியில்தான் போகிறது, வழியை நாம்தான் மாற்றினோம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்துப் போய், இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றதைக் கேட்டு எங்கள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள், நல்லது. ஆனால் சரணாலயத்துக்கு வெளியே இருக்கிற பட்டா நிலத்தில் பெரிய கட்டடங்கள் வந்துகொண்டே இருந்தால் யானை எங்கள் கொல்லைக்குள்தான் ஒதுங்கும். கொல்லைமேடு தண்ணீரை முதலில் கேட்கச் சொல்கிறார், நான் அதோடு வழியையும் சேர்க்கச் சொல்கிறேன்.

சிப்காட் 1989:

ரயிலை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மொரப்பூர் – தருமபுரி – ஓசூர் பாதை 1900களின் தொடக்கத்தில் போட்டது, 1941-இல் இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மூடினார்கள். மொரப்பூர் – தருமபுரிப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், அங்கே இன்றைக்கும் ரயில் நிலையம் கிடையாது. பாதை வந்தால் தம்பி வாரம் ஒரு தடவை இல்லை, தினமும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

கொல்லைமேடு:

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன் ஐயா.

இரண்டாம் ஷிப்ட்:

நான் அரூர் பக்கம், ஓசூருக்கு அந்தப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. இங்கே எல்லாரும் எங்களைப் பற்றி ‘பெண் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். என்னோடு பன்னிரண்டாவது படித்த 14 பேரில் 9 பேருக்கு இருபது வயதுக்குள் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு ஆகாததற்குக் காரணம் இந்தச் சம்பளம்தான், வீட்டில் நான் பேசினால் இப்போது கேட்கிறார்கள். அதனால் கம்பெனியைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்கு வலிக்கும்.

ஆனால் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டில் ஆறு பேர், குடிக்கக் கேன், குளிக்க வாரம் இரண்டு லாரி. கோடையில் ஒரு லாரி. வீட்டுக்காரர் தண்ணீருக்குத் தனியாக வாங்குகிறார். சம்பளத்தில் ஒரு பகுதி தண்ணீருக்கே போகிறது. அப்புறம் இன்னொன்று, முப்பது வயதில் நான் என்ன செய்வேன் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தை பிறந்தால் விட இடம் இல்லை, ஊரில் பக்கத்தில் இந்த மாதிரி வேலை இல்லை. பத்து வருடத்தில் எங்களை அனுப்பிவிட்டுப் புதுப் பிள்ளைகளை எடுத்தால் நாங்கள் அரூரில் போய் என்ன செய்வது? 25 வருடத் திட்டம் என்றால் அதில் எங்கள் வயதும் ஏறும் என்று யாராவது எழுதுங்கள்.

பென்னாகரம் டீச்சர்:

அம்மா, உன் பதிவை மூன்று தடவை படித்தேன். 31 வருடம் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். உன்னைப் போன்ற பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் இருந்து கோடு போட்டு அடித்த கை இது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆயிரம் ஆண் குழந்தைக்கு 826 பெண் குழந்தைதான். வேண்டாம் என்கிற பெண் குழந்தையை அரசிடம் விடுகிற தொட்டில் குழந்தைத் திட்டத்தை அந்த ஆண்டு இங்கே விரிவாக்கினார்கள். 2011-இல் 913 ஆனது. ஏறியிருக்கிறது, போதாது, ஸ்கேன் பார்த்துச் சொல்கிற ஆட்களை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுத்தறிவு 2011-இல் 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. இப்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதால் கல்லூரிக்கு அனுப்புகிற வீடுகளை நான் நேரில் பார்க்கிறேன்.

தண்ணீரைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவார்கள். முதல் வருடம் கூச்சம் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, பல்லில் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை. ஃபுளோரைடு. நம் பூமி பாறை பூமி, மழைத் தண்ணீர் கிணற்றில் மேலாக இருக்கிற வரைக்கும் பெரிய தொல்லை இல்லை, போரை ஆழமாக விட விடப் பாறைக்குள் ரொம்ப காலம் கிடந்து ஃபுளோரைடு கரைந்த தண்ணீர்தான் மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லோடு நிற்காது, முட்டி, முதுகு வளையும். கொல்லைமேட்டுத் தம்பி, உங்கள் 900 அடித் தண்ணீரை வீட்டில் யாராவது குடிக்கிறார்களா? தயவுசெய்து சோதித்துப் பாருங்கள்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பான் கடன், 1,928 கோடி ரூபாய். 2008-இல் கலைஞர் அடிக்கல் நாட்டினார், 2013-இல் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். இரண்டு ஆட்சியும் சேர்ந்து முடித்த வேலை, அதை நான் பெருமையாகச் சொல்வேன். இரண்டு மாவட்டத்துக்கும் அந்தத் தண்ணீர் போகிறது. ஆனால் குழாயில் வாரம் ஒரு நாள் வந்தால் மீதி ஆறு நாளும் மக்கள் போர்த் தண்ணீரைத்தான் குடிப்பார்கள். எங்கள் தெருவில் அப்படித்தான்.

கொல்லைமேடு:

டீச்சர், குடிக்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு வருடமாக முட்டி வலி, வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த வாரமே பாட்டிலில் எடுத்துக் கொடுக்கிறேன்.

கெலவரப்பள்ளி கீழே:

மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் தண்ணீர் இல்லை என்கிறீர்கள், எங்களுக்குத் தென்பெண்ணை ஆறு ஓடுகிறது, ஆனால் கையை வைக்க முடியாது. நந்தி மலையில் பிறந்து பெங்களூரு ஓரமாக வரும்போதே ஊர்ச் சாக்கடை, ஆலைக் கழிவு எல்லாம் சேர்ந்துவிடுகிறது. ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் ஆற்றை மூடி வெள்ளையாக நுரை, தரைப்பாலத்தின் மேல் ஆள் உயரம் நிற்கும். டிவியில் காட்டுவார்கள், நான்கு நாள் பேசுவார்கள். அதே தண்ணீர்தான் கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது, காமராசர் காலத்தில் கட்டிய அணை, சுமார் 9,000 ஏக்கர் பாசனம். அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான் உங்கள் எல்லார் சமையலறையிலும் இருக்கிறது. கொல்லைமேடு ஆசைப்படுகிற தும்பலஹள்ளிக் கால்வாயிலும் இதே ஆறுதான் வரும்.

சிப்காட் 1989:

இது பெங்களூருவில் இருந்து வருவது, ஓசூர் கம்பெனிகளை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது.

கெலவரப்பள்ளி கீழே:

நான் கம்பெனி பெயரே எடுக்கவில்லை அண்ணா. ஓசூர் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று நீங்களே ஒரு நாள் வண்டியில் வந்து பாருங்கள். மாநகராட்சி ஆகிவிட்டது, வீடு பல மடங்கு ஆகிவிட்டது. இதற்கு மேல் 2,000 ஏக்கரில் விமான நிலையம், வருடத்துக்கு 3 கோடிப் பயணிகள் என்று 2024-இல் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார்கள். அந்த 3 கோடிப் பேரும் கை கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும்?

சிப்காட் 1989:

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு கெலவரப்பள்ளி போய் வந்தேன். 35 வருடம் ஓசூரில் இருக்கிறேன், அணைக்குக் கீழே இறங்கிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாத்தா போகலாம் என்றான். கம்பெனி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் தடங்கத்தில் வருகிற சிப்காட்டுக்கு, கழிவுநீரைச் சுத்திகரித்து அங்கேயே மறுபடியும் பயன்படுத்த வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓசூரில் நாங்கள் கேட்காமல் விட்டோம். அன்றைக்கு வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தது.

உத்தனப்பள்ளி பக்கம் சிப்காட்டுக்கு நிலம் கொடுக்க மாட்டோம் என்று விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதையும் கொஞ்சம் மறுபடி யோசிக்கிறேன்.

கொல்லைமேடு:

ஐயா, நன்றி. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சரி, பேசியது இங்கேயே நிற்க வேண்டாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை இருக்கிறது, 2022-இல் இருந்து வருடத்துக்கு ஆறு கிராம சபை, அதில் இது ஒன்று. அவரவர் ஊரில் ஒரே மாதிரி கேட்போம். ஏரிக்கு வருகிற ஓடை எத்தனை, அதில் எது அடைபட்டிருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது. ஊர்ப் பொதுப் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு. இதற்குப் பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்வோம். கேட்கிறதற்கு முன்னால் ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். எங்கள் ஏரி ஒன்றியத்து ஏரி என்று போன வாரம்தான் தெரிந்துகொண்டேன், இத்தனை நாள் வேறு ஆபீஸில் மனு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஊத்தங்கரை:

வண்டல் மண் எடுக்க 2024-இல் இருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது, விவசாயிக்கும் குயவருக்கும் இலவசம். அதையும் சேர்த்துக் கேளுங்கள். நான் ஓடை வரைபடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் ஷிப்ட்:

எங்களுக்கு ஓட்டும் கிராம சபையும் ஊரில், இருப்பது இங்கே. 22 அன்று எனக்கு வேலை. அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

பென்னாகரம் டீச்சர்:

அம்மாவிடம் குழந்தைகள் காப்பகத்தையும் கேட்கச் சொல் அம்மா. ஊரில் ஒன்று, கம்பெனிப் பக்கம் ஒன்று.

தளி:

எங்கள் ஊரில் நான் கேட்கிறேன். யானை வழியையும் சேர்த்து.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:

பூ கொட்டுவதற்குள் ஒரு தடவை எங்கள் ஏரிக்கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சிப்காட் 1989:

தம்பி, உங்கள் ஊர் சபை எத்தனை மணிக்கு? நான் பிறந்த ஊர் அங்கிருந்து 6 கிலோமீட்டர்தான், ஓட்டு மட்டும் ஓசூரில். எங்கள் ஊரில் காலை பார்த்துவிட்டு உங்கள் ஊருக்கு வருகிறேன். அந்தத் தண்ணீர் சோதனை முடிவு வந்துவிட்டதா?

கொல்லைமேடு:

காலை 11 மணி ஐயா, பிள்ளையார் கோயில் பக்கத்தில் சமுதாயக் கூடம். முடிவு நேற்று வந்தது. 2.3. அம்மாவுக்கு இன்றைக்கு முதல் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தனியாக இரண்டு டிரம் வாங்கிப் போட்டிருக்கிறேன்.